கௌசல்யாவுக்கு இஷ்டமில்லை

திருவனந்தபுரம்
17 மார்ச் 2025

அன்புள்ள கைலாஷ்,

மெயில் போடாமல் தாளில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. வீட்டில் ஃபோனை எடுத்தால் அம்மா, "யாரு, கைலாஷா? ஸ்பீக்கர்ல போடு" என்கிறாள். மெயில் போட்டால் நீ "ஓகே அக்கா" என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் ஸ்டாஃப் ரூமில், திருத்த வேண்டிய கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலைக் காலேஜ் விலாசத்துக்கே அனுப்பு.

டெல்லி வேலை கிடைத்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கும் எழுத்துப் பயிற்சி மையம், மூன்று வருஷம். ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். பதினோரு வருஷமாக ஒவ்வொரு ஜூனிலும் சர்டிஃபிகேட் ஃபைலைத் தூக்கிக்கொண்டு, இதே காலேஜில் இதே தற்காலிக வேலைக்குத் திரும்பத் திரும்ப இன்டர்வியூவுக்குப் போனவள் நான். போன வருஷம் என்னைக் கேள்வி கேட்டவர்களில் ஒருத்தி என்னிடம் படித்தவள். இனி அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.

தீபாவளிக்கு வந்தபோது நம் அடுக்களையில் நின்றுகொண்டு நீ சொன்னது நினைவிருக்கும். "அக்கா, நீ அப்ளை பண்ணு. அம்மாவை நான் மைசூருக்குக் கூட்டிண்டு போறேன். இது என் டர்ன்." அந்த வார்த்தையை நம்பித்தான் அப்ளை பண்ணினேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பயந்துகொண்டே சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "நல்லதுதானே, போயிட்டு வா. நீயும் எத்தனை நாள் இங்கேயே கெடப்பே?" என்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

மே கடைசி வாரம் நீ வந்து கூட்டிப்போனால் சரியாக இருக்கும். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருஷம் ஆகியும் வாக்கர் இல்லாமல் நடக்கப் பார்க்கிறாள். அதை மட்டும் விடாதே. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டும். காப்பி இரண்டு வேளைதான், மூன்றாவது கேட்பாள்.

எனக்கு நூற்று முப்பத்திரண்டு மாணவர்களின் ஃபைல் பாக்கி இருக்கிறது. ஆளுக்கு ஐந்து கட்டுரை. அதில் பாதி கம்ப்யூட்டரே எழுதிக்கொடுத்தது. ஆனாலும் இந்த வருஷம் சந்தோஷமாகத் திருத்துகிறேன்.

கௌசல்யாவுக்கும் ஸ்நேகாவுக்கும் என் அன்பு.

வேணி


மைசூரு
26 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். உன் தகுதிக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

அக்கா, ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு நான் பேசினபோது இருந்த சூழ்நிலை வேறு. இப்போது இங்கே சூழ்நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஸ்நேகா அடுத்த வருஷம் பத்தாவது. எனக்கும் ஆஃபீஸில் பொறுப்பு கூடியிருக்கிறது. மாதத்தில் பத்து நாள் வெளியூர். இந்தச் சூழ்நிலையில் அம்மாவை இங்கே கொண்டுவந்து வைத்தால் அவளுக்கு நியாயம் செய்ய முடியுமா என்று யோசனையாக இருக்கிறது. வயதான காலத்தில் இடம் மாற்றுவது நல்லதில்லை என்று டாக்டர்களும் சொல்கிறார்கள்.

டெல்லிக்காரர்களிடம் ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாமே? எல்லாருக்கும் நல்லதாக ஒரு முடிவு எடுப்போம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

கைலாஷ்


திருவனந்தபுரம்
31 மார்ச் 2025

கைலாஷ்,

உன் கடிதத்தில் "சூழ்நிலை" என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. அந்தச் சூழ்நிலை என்ன என்பது ஒரு இடத்திலும் இல்லை. என் வகுப்பில் ஒரு பிள்ளை இதை எழுதிக்கொடுத்திருந்தால், "நீ சொல்ல வந்ததைச் சொல்லாமல் இருப்பதற்காக எழுதியிருக்கிறாய்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஸ்நேகா ஒன்பதாவது முடித்தால் பத்தாவதுதான் போவாள் என்பது தீபாவளி அன்றைக்கே உனக்குத் தெரியும். மாதத்தில் பத்து நாள் வெளியூர் என்பது ஆறு வருஷமாக இருப்பது. எந்த டாக்டர் சொன்னார்? அம்மாவைப் பார்க்கும் டாக்டர் இங்கே இருக்கிறார். அவரிடம் பிப்ரவரியிலேயே கேட்டாகிவிட்டது. தாராளமாகப் போகலாம் என்றார்.

இதுவரை நான் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். அப்பாவுக்கு சிறுநீரகம் கெட்டபோது நான் ஹைதராபாத்தில் ஆராய்ச்சியின் மூன்றாவது வருஷத்தில் இருந்தேன். உனக்குப் புது வேலை. நீ வர முடியாது என்று நானேதான் சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அப்பா போகும்வரை மூன்று வருஷம். பிறகு அம்மா. உன்னிடம் ஒரு நாளும் கணக்குக் கேட்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டேன். அதுவும் நானாகக் கேட்கவில்லை, நீயாகத் தந்தாய்.

டெல்லிக்கு ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் உறுதி சொல்ல வேண்டும். தள்ளிப்போட முடியாது, கேட்டுவிட்டேன். எனக்கு ஒரே ஒரு உண்மையான காரணம் எழுது. அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. காரணம் தெரிந்தால் வேறு வழி யோசிக்கலாம். பொய்க்கு வழி யோசிக்க முடியாது.

வேணி


மைசூரு
5 ஏப்ரல் 2025

அக்கா,

நீ கேட்டதால் எழுதுகிறேன். கௌசல்யாவுக்கு இஷ்டமில்லை.

அவளைத் தப்பு சொல்லவும் முடியாது. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு, அம்மாவையும் பார்ப்பது கஷ்டம் என்கிறாள். நான் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டேன். வீட்டில் சண்டைதான் மிச்சம். தயவுசெய்து நீ இதை அவளிடம் நேராகக் கேட்டுவிடாதே. கேட்டால் இங்கே நிலைமை இன்னும் மோசமாகும்.

என்னை மன்னித்துவிடு.

கைலாஷ்


திருவனந்தபுரம்
11 ஏப்ரல் 2025

கைலாஷ்,

நேற்று டெல்லிக்கு எழுதிவிட்டேன். வரவில்லை என்று. காரணம் கேட்டிருந்தார்கள். "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினேன். எனக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டுவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். கௌசல்யாவின் பெயரைச் சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன், அழுகையில் வந்துவிட்டது. அம்மா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு தடவிக்கொடுத்தாள். "விடு. பொண்டாட்டி சொல்றதைத்தான் அவன் கேப்பான். நமக்கு நாம இருக்கோம்" என்றாள். சாயங்காலம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுக்களையில் நின்று எனக்காக இலை அடை பண்ணினாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் அடுப்படியில் நின்றது நேற்றைக்குத்தான். எனக்கென்று இருக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷுவுக்கு ஃபோன் பண்ணாதே. கௌசல்யாவும் பண்ண வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

கிருஷ்ணவேணி


திருவனந்தபுரம்
3 மே 2025

கைலாஷ்,

எழுதாதே என்று சொன்னவள்தான் எழுதுகிறேன்.

நேற்று பேப்பர் திருத்தும் கேம்பில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கௌசல்யா கூப்பிட்டாள். எடுக்க வேண்டாமென்று பார்த்தேன். மூன்றாம் தடவை எடுத்தேன்.

"அக்கா, விஷுவுக்கு மெசேஜ் போட்டேன், நீங்க பதில் போடலை. ஸ்நேகா கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேங்கிறீங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொன்னா திருத்திக்குவேன்" என்றாள்.

நான் மரியாதையாகத்தான் பேசினேன். "உனக்கு முடியாதுன்னா முடியாதுன்னு நேரா எங்கிட்ட சொல்லியிருக்கலாம் கௌசல்யா. நான் புரிஞ்சுண்டிருப்பேன்" என்றேன்.

"எனக்கு என்ன முடியாது?"

"அம்மாவை வெச்சுக்க."

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் வீட்டில் நடந்ததை உனக்கே எழுதுகிறேன் என்பது வேடிக்கையாக இருக்கிறது.

"அக்கா, கிழக்குப் பக்கத்து ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு, அம்மாவுக்குன்னு உயரம் கம்மியா கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன். பாத்ரூம்ல கம்பி வெச்சாச்சு. ஸ்நேகா ராத்திரி பாட்டியோட படுத்துக்கறேன்னு சொல்லிட்டிருந்தா. அம்மாதானே மார்ச்ல போன் பண்ணி வரலைன்னுட்டாங்க? உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரத்னாபாய் டீச்சர்தான் என் கையிலிருந்த ஃபோனை வாங்கி மேஜையில் வைத்தார். "என்ன டீச்சரே, யாருக்கும் ஏதும் ஆயிட்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்றைக்கு மத்தியானம் ஒரு பேப்பரும் திருத்தவில்லை.

வீட்டுக்குப் போனபோது மணி நாலு. அம்மா கூடத்தில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கைலாஷ்கிட்ட நீ என்னம்மா சொன்னே?"

"எப்போ?"

"மார்ச்ல."

கத்தியைத் தட்டில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லிட்டானா?"

"அவன் சொல்லலை. கௌசல்யா சொன்னா."

"அவ ஒரு அசடு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மறைக்கவில்லை. அழவும் இல்லை. "எனக்கு மைசூர் வேண்டாம்டி. அங்க அவா ரெண்டு பேரும் ஆஃபீஸ் போயிடுவா. நான் ஒரு ரூம்ல ஜன்னலைப் பார்த்துண்டு உக்காந்திருக்கணும். பாஷை தெரியாது. இங்க வாசல்ல போய் நின்னா நாலு பேர் நின்னு பேசிட்டுப் போறா. அந்த ஆத்துல நான் விருந்தாளி. இங்கதான் மனுஷி" என்றாள்.

"இதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நீ போகமாட்டே."

"இப்ப மட்டும் போனேனா?"

"இப்ப நீ அவன் மேல கோவமா இருக்கே. அவன் தூரத்துல இருக்கான், தாங்கிப்பான். எம்மேல கோவிச்சுண்டா, ஒரே ஆத்துல, நான் எங்கடி போவேன்?"

இதைச் சொல்லிவிட்டுப் பயத்தங்காயை மறுபடி நறுக்க ஆரம்பித்தாள், கைலாஷ்.

அவள் பயந்தது எனக்குப் புரிகிறது. எழுபத்து மூன்று வயது, உடைந்த இடுப்பு, பிறந்ததிலிருந்து இருந்த தெரு. "நான் இங்கிருந்து வரமாட்டேன்" என்று மார்ச் பதினேழாம் தேதி அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு வேறு ஏதாவது வழி தேடியிருப்பேன். ஆள் வைத்திருக்கலாம். நீ மாதம் ஒரு வாரம் வந்திருக்கலாம். யோசிக்க எனக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தையும் நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டீர்கள். எல்லாம் செய்துவிட்டு, என் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாளே, அதை என்ன செய்வது? அந்த அடையை நான் மூன்று தின்றேன்.

அம்மாவாவது பயத்தில் செய்தாள். நீ? நான் உன்னிடம் எழுத்தில் கேட்டேன். ஒரே ஒரு உண்மையான காரணம் என்று. நீ உட்கார்ந்து யோசித்து, உன் மனைவியின் பெயரை எழுதினாய். அவளிடம் கேட்காதே என்றும் எழுதினாய். ஒரு மாதமாக நான் அவளை மனதுக்குள் என்னவெல்லாம் சொன்னேன் என்று அவளுக்குத் தெரியாது. அதை இனி அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

வேணி


மைசூரு
9 மே 2025

அக்கா,

உன் கடிதத்தைக் கௌசல்யாவும் படித்தாள். நான்தான் கொடுத்தேன். இரண்டு நாளாக ஸ்நேகா ரூமில் படுத்துக்கொள்கிறாள்.

நடந்ததை எழுதுகிறேன். மார்ச் இருபதாம் தேதி நீ காலேஜில் இருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். "கைலாஷ், நீ என்னை வேண்டாம்னு சொல்லிடு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நான் வரமாட்டேன்னு சொன்னா வேணி எம்மேல கோவிச்சுப்பா. நீ முடியாதுன்னு சொன்னா விட்டுடுவா. அவ என்னிக்கு உங்கிட்ட கோவிச்சுண்டிருக்கா?" என்றாள். நான் முடியாது என்றேன். அப்போது அழுதாள். அப்பா போனபோதுகூட அம்மா சத்தம்போட்டு அழுது நான் கேட்டதில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

முதல் கடிதம் எழுதியபோது நீ விட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்ன மாதிரி. நீ விடவில்லை. காரணம் வேண்டும், உண்மையான காரணம் வேண்டும் என்றாய். அம்மா பெயரைச் சொல்ல முடியாது. என் பெயரைச் சொல்லியிருக்கலாம். "எனக்கு இஷ்டமில்லை" என்று எழுதி, அடித்துவிட்டு, கௌசல்யாவின் பெயரை எழுதினேன். உன் கண்ணில் நான் கெட்டவனாக வேண்டாம் என்று பார்த்தேன். மருமகள் வேண்டாம் என்றால் எல்லாரும் உடனே நம்பிவிடுவார்கள் என்றும் தெரிந்துதான் எழுதினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீயே கண்டுபிடிப்பதற்கு முன்னால். அம்மா வரவில்லை என்றபோது எனக்குள்ளே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. கௌசல்யா அதற்குள் ரூமுக்குப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தாள். எனக்குத்தான் பயமாக இருந்தது. பதினோரு வருஷம் நீ செய்ததை நான் ஒரு வருஷமாவது செய்வேனா என்று.

டெல்லிக்கு நான் எழுதிப் பார்க்கட்டுமா? தப்பு என்னுடையது என்று விளக்கமாக எழுதுகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் பேசுகிறேன். நீ சொன்னால் நாளைக்கே லீவ் போட்டு வருகிறேன்.

கைலாஷ்


நேமம், திருவனந்தபுரம்
2 ஜூன் 2025

கைலாஷ்,

டெல்லிக்கு நீ எழுத வேண்டாம். மே ஆறாம் தேதியே நான் கேட்டுவிட்டேன். பட்டியலில் எனக்கு அடுத்து இருந்தவர் ஒப்புக்கொண்டுவிட்டாராம். இன்றைக்குச் சேர்ந்திருப்பார். அடுத்த வருஷம் இன்னொரு இடம் வரலாம் என்றார்கள், உறுதி இல்லை. வந்தால் அப்ளை பண்ணுவேன். வராவிட்டால் வேறு எங்காவது.

மேலே இருக்கும் விலாசத்தைப் பார்த்திருப்பாய். ரத்னாபாய் டீச்சர் வீட்டு மாடி. "சும்மாதான கெடக்கு, வந்து இருங்க டீச்சரே. எப்ப வேணும்னாலும் போய்க்கிடுங்க" என்றார். ஸ்ரீவராகத்தில் நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நான் போன தூரம் அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் காலேஜில் நடந்ததையும் எழுதுகிறேன். இன்டர்னல் மார்க் ஏற்றுவதற்கு முதல் நாள் ஷாலு என்ற பெண் வந்து நின்றாள். விழிஞ்ஞத்துப் பெண். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத மூன்று நாளைப் பற்றி எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்துவிட்டதாக முடித்திருந்தாள். நான் ஓரத்தில் "நம்பும்படியாக இல்லை" என்று எழுதி இருபதுக்கு ஒன்பது போட்டிருந்தேன். "டீச்சர், இது சத்தியமா நடந்ததுதான். வேணும்னா அச்சனைக் கூட்டிட்டு வரட்டா?" என்றாள். தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி திருத்தியது, டெல்லிக்கு எழுதிய இரண்டாம் நாள். அந்த வாரம் திருத்திய முப்பத்தாறு ஃபைலையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். ஒருவரையும் நம்பாமல் மார்க் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்றி, கடைசி நாள் சாயங்காலம் ஏற்றினேன். ஷாலுவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் குழந்தை எனக்காக வெட்கப்பட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், தனியாகப் போகிறேன் என்று. பகவதியம்மாள் என்று ஒரு அம்மாள் வந்து கூடவே இருப்பார், பேசிவிட்டேன் என்றேன்.

"வேத்து மனுஷியோட நான் இருக்கமாட்டேன்" என்றாள்.

"அப்போ மைசூர்."

கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு சமைக்கத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

பெட்டி கட்டும்போது வாக்கரோடு வந்து வாசற்படியில் நின்றாள். நான் அந்த வீட்டிலிருந்து இதற்கு முன் பெட்டியோடு கிளம்பியது ஹைதராபாத்துக்குப் போனபோதுதான். அப்போது தெருமுனை வரைக்கும் வந்து கையசைத்தாள். இப்போது, "எம்மேல இத்தனை கோவமா வேணி?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பதினோரு வருஷப் பழக்கம். "ஆமாம்மா" என்றேன். "உம்மேலதான்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பயந்த மாதிரி ஒன்றும் நடந்துவிடவில்லை. நின்ற இடத்திலேயேதான் நின்றாள். நானும் அவள் மாத்திரை டப்பாவைப் பகவதியம்மாளிடம் கொடுத்து, எது எப்போது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் போய்ப் பார்க்கிறேன். காப்பி போட்டுத் தருகிறேன். நகம் வெட்டிவிடுகிறேன். அதிகம் பேசுவதில்லை. நேற்றுச் சாயங்காலம் ஃபோன் பண்ணி, நாளைக்கு வருவியா என்று கேட்டாள். "நாளைக்கு இல்லம்மா, புதன்கிழமை" என்றேன். "சரி, வரேன்" என்று நான் மாற்றிச் சொல்வேன் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தெரிந்தது. வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை எனக்கு மறுபடியும் இன்டர்வியூ. அதே காலேஜ், அதே ஃபைல்.

லீவ் போட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வா. பகவதியம்மாளுக்குப் பதினைந்தாம் தேதியிலிருந்து ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும். அந்த ஒரு வாரமும் நீ அம்மாவோடு இரு. அவளைக் குளிப்பாட்ட வேண்டும், அதற்குக் கூச்சப்படுவாள், நீயும் படுவாய். இரண்டு பேரும் பழகிக்கொள்ளுங்கள். பிறகு மாதா மாதம் ஒரு வாரம். வர முடியாத மாதத்தில் முடியாது என்று எழுது. காரணம் எழுத வேண்டாம்.

கௌசல்யாவுக்குத் தனியாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதை வாங்கிப் படிக்காதே. அவளும் ஸ்நேகாவும் கூட வருவார்களானால் அவர்களை நேமத்துக்கு அனுப்பிவை. மாடியில் மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறது, நான் சமைத்து வைக்கிறேன்.

நீ இங்கே வர வேண்டாம். எப்போது வரலாம் என்று நானாக எழுதுகிறேன்.

வேணி